லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆறு மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், பின்னால் என் குரல் கேட்டதும் சிக்னல் போய்விடுகிறது. உன் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு இந்த விலாசத்தை வாங்கினேன். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு ஆறு லிஃப்ட் போடுகிறீர்களாமே. நல்ல வேலைதான். அதற்காக ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போகிற தூரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போக வேண்டுமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்னதான்டி சண்டை?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறார்கள். "ஒண்ணுமில்லம்மா, சின்ன விஷயம்" என்கிறேன். சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. எங்கள் ஆபீஸ் லிஃப்ட் நின்றுபோனது, பார்க்க உன்னையே அனுப்பினது, எம்.டி.யும் வெளியூர் விருந்தாளிகள் இரண்டு பேரும் என் பக்கத்தில் நின்றபோது நீ தூரத்திலிருந்தே கையைத் தூக்கி "அக்கா!" என்று கூப்பிட்டது, "தெரிஞ்சவரா?" என்று எம்.டி. கேட்டது, நான் சொன்ன பதில். அந்தப் பதிலை எழுதக் கை வரவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய்.

மன்னித்துவிடு.

இத்துடன் நாலு சட்டை அனுப்பியிருக்கிறேன். உன் கழுத்தளவு எனக்குத் தெரியும், சரியாக இருக்கும். புது இடம், புது மனிதர்கள். கொஞ்சம் பார்த்து உடுத்தினால் உனக்குத்தான் நல்லது. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 17

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதமும் நான்கு சட்டைகளும் கிடைக்கப்பெற்றேன். தாங்கள் எழுத முடியாமல் விட்ட வரியை நானே எழுதித் தருகிறேன்.

"இல்ல சார், லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர்."

இதுதான் நீங்க சொன்னது. யோசிச்சுப் பார்த்தா, இதுல பொய்யின்னு சொல்லணும்னா "இல்ல"ங்கிற ஒரே ஒரு வார்த்தைதான். மீதி எல்லாம் சுத்தமான உண்மை. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணத்தான் வந்தேன். "வந்தவன்"னு சொல்லாம "வந்தவர்"னு மரியாதையா வேற சொன்னீங்க. அதுக்கு நன்றி.

தூக்கின கையை எங்க வைக்கிறதுன்னு தெரியலை. தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன். முடியெல்லாம் கிரீஸ் ஆயிடுச்சு. ரெண்டு மணி நேரத்துல வேலையை முடிச்சேன், லிஃப்ட் ஓடுச்சு. ஆனா நான் அதுல ஏறலை. ஏழு மாடியும் படியில இறங்கினேன். கீழே கதவு திறக்கும்போது எதிர்ல நீங்க நின்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிறதுன்னு தெரியாமத்தான்.

சட்டை விஷயத்துக்கு வர்றேன். மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதத்தோட சட்டையையும் அனுப்பினா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குப் புரியலையா? "நான் சொன்னது தப்புதான்டா, ஆனா நீயும் பார்க்கிற மாதிரி இருந்திருக்கலாமில்ல?" அதுதானே? இதுல "வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே"ன்னு ஒரு வரி வேற. இருந்த ஒரு அர்த்தத்தைத்தான் எடுத்துக்கிட்டேன்.

நாலு சட்டையையும் அறையில இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டேன். வெல்டர் ஒண்ணைப் போட்டுக்கிட்டு லீவுக்கு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவர் சம்சாரம், "யாரு வேணும்?"னு கேட்டுச்சாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரலை.

இப்படிக்கு,
லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர்

*

ஏப்ரல் 2

தம்பி,

"அம்மையார்" என்று ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் முழுசாகப் படித்தேன். சட்டை அனுப்பினது தப்பு. படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு இருபது வயதில் முதல் இன்டர்வியூ வந்தது ஞாபகம் இருக்கிறதா? பஸ் லேட், அதனால் வேலை போய்விட்டது என்று வீட்டில் வந்து சொன்னேன். உனக்குப் பதினாலு வயது. அன்று சாயங்காலம் பூரா அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டே இருந்தாய்.

பஸ் லேட்டாகவில்லை. அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். அம்மாவின் பழைய உடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தேன். வழியில் செருப்பு வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தேன். முன் மேஜையில் இருந்த பெண் என் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தப் பக்கக் கதவு" என்றாள். அங்கே பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இதுதான் இன்டர்வியூ வரிசை என்று நானும் போய் நின்றேன். முக்கால் மணி நேரம். ஒரு ஆள் வந்து எல்லோருக்கும் கையுறையும் துடைப்பமும் கொடுத்தபோதுதான் புரிந்தது. முன்னால் ஓடினேன். பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த வரிசையில் நின்ற பெண்களைக் குறைவாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மா தன் உடுப்பிலிருந்து இன்னொரு ஊக்கைக் கழற்றி எனக்குக் கொடுத்தார்கள். என் வருத்தம் வேறு. கையில் இருந்த சர்டிபிகேட் பையை அந்த மேஜைக்காரி பார்க்கவே இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து இஸ்திரி போடாமல் நான் வாசல் தாண்டினதில்லை. காய்ச்சலில்கூட. நீ என்னை "இஸ்திரிப் பெட்டி" என்று கேலி செய்வாய், நானும் சிரிப்பேன். அது எனக்கு அலங்காரம் இல்லைடா, பயம். அன்றைக்கு நீ கிரீஸும் கையுமாக வந்தபோது அந்தப் பயம்தான் என் வாயில் பேசிவிட்டது. எம்.டி. என்னையும் காலிலிருந்து தலைவரை பார்ப்பார் என்று தோன்றிவிட்டது.

காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

அந்த டிரைவரை நான் சும்மா திட்டலை. அவர் பஸ்ல ஏறவே கூடாதுன்னு ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். பாவம் மனுஷன்.

படிச்சதும் கோபம் வந்துச்சு. உன் மேல இல்லை, அந்த மேஜைக்காரி மேல. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு. அப்புறம் மெதுவா உன் மேலயும் வந்துச்சு. ஏன்னு கேளு. ஒருத்தி உன்னைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தது இத்தனை வருஷம் வலிச்சிருக்கு. அந்த வலி தெரிஞ்ச நீதானே அன்னைக்கு என்னைப் பார்த்தே? எம்.டி.க்கு முன்னாடியே நீ பார்த்துட்டே. முட்டியில கிழிஞ்ச பேன்ட்டை நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

அழுக்குன்னா எனக்கு வெட்கம் இல்லை. சுத்தமா ஒருத்தன் மோட்டார் ரூமை விட்டு வெளியே வந்தான்னா, அவன் ஒண்ணும் பண்ணலைன்னு அர்த்தம். இங்கேயும் அதே தொல்லை. கம்பெனி ரெண்டு செட் யூனிஃபார்ம் கொடுத்திருக்கு. நீல நிறம், பாக்கெட் மேல பேரும் பதவியும் தைச்சிருக்கு. "போட்டுக்கிட்டு வாங்கப்பா, ஆஸ்பத்திரின்னா நாலு பேர் வந்து போற இடம்"னு சூப்பர்வைசர் சொல்லிக்கிட்டே இருக்கார். முன்னாடியெல்லாம் போடுவேன், உங்க ஆபீஸுக்குத்தான் வேற வேலையிலிருந்து பாதியில கிளம்பி அப்படியே வந்துட்டேன். அந்த நாளுக்கு அப்புறம் போடுறதில்லை. கட்டிலுக்கு அடியில கிடக்கு. என் வேலையைப் பார்த்து மதிக்கட்டும், சட்டையைப் பார்த்து இல்லை.

அம்மா முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கேன். நீ தடவி விடு. அவங்களா தடவினா பாதி பாட்டில் பாயில போயிடும்.

தம்பி

*

மே 9

அன்புள்ள தம்பி,

"அக்காவுக்கு" என்று ஆரம்பித்திருந்தாய். அதுவே போதும் என்று நாலு நாள் பதில் எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறொரு காரணத்துக்காக இன்னும் பத்து நாள் தள்ளிப்போட்டேன். ஒரு காரியத்தைச் செய்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். போன திங்கட்கிழமைதான் தைரியம் வந்தது.

கையெழுத்துக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். நான் நகரவில்லை.

"என்னம்மா?"

"சார், போன வருஷம் லிஃப்ட் நின்னப்போ ஒருத்தர் வந்து சரி பண்ணாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவர் என் சொந்தத் தம்பி சார். நீங்க கேட்டப்போ இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "தெரியுமே" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதுவும் தவிர, அத்தனை பேர் நிக்கும்போது உங்களைப் பார்த்து அக்கான்னு கூப்பிட்டார். எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்மா." அப்புறம் சொன்னதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. "பன்னிரண்டு வருஷமா என்கிட்ட வேலை பார்க்கிறீங்க. உங்க தம்பி மெக்கானிக்னு தெரிஞ்சா நான் உங்களைக் குறைச்சு நினைப்பேன்னு நினைச்சிருக்கீங்க. அதுல வருத்தம் எனக்கும் உண்டு. என்னைக்காவது நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவரையும் நான் காலிலிருந்து தலைவரை பார்த்துத்தான் எடை போட்டிருக்கிறேன். கோட்டைப் பார்த்து, டையைப் பார்த்து, இவர் இப்படிப்பட்டவர் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

வெளியே வந்து பாத்ரூமில் போய் அழுதேன். முகத்தைக் கழுவி, காலரைச் சரி செய்துகொண்டுதான் சீட்டுக்குப் போனேன். சிரிக்காதே. அது மட்டும் போகாது போலிருக்கிறது.

அம்மாவுக்குத் தைலம் தடவுவது நான்தான். நீ அனுப்பினது என்பதால் இரண்டு முழங்காலுக்கும் வேண்டுமாம். வலி ஒன்றில்தான்.

அக்கா

*

ஜூன் 3

அக்கா,

இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு, அதுக்குப் பதில் அப்புறம் எழுதுறேன். முதல்ல இதைக் கேளு.

போன வியாழக்கிழமை காலையில பழைய கட்டடத்து லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. அது எங்க கம்பெனி போட்டது இல்லை, ஆனா பக்கத்துல இருந்தது நான்தான். உள்ளே நாலு பேர். ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, அவங்க அம்மா, ஒரு நர்ஸ், ஐம்பது வயசுல ஒரு ஆள். அவர் ஸ்கூல் வாத்தியார்னு அப்புறம் தெரிஞ்சுது.

கூண்டோட தரை, ரெண்டாவது மாடித் தரையிலிருந்து ஒரு ஆள் மார்பு உயரத்துல நிக்குது. நான் சாவி போட்டு வெளிக்கதவைக் கொஞ்சமா நகர்த்தி, "யாரும் பயப்படாதீங்க, அப்படியே உட்காருங்க. கதவைத் தொடாதீங்க. மேலே போய் மோட்டாரைக் கையால சுத்தி இறக்கிடுறேன், பத்தே நிமிஷம்"னு சொன்னேன்.

உள்கதவு இடுக்கு வழியா அந்த வாத்தியார் என்னைப் பார்த்தார். "நீ யாருப்பா?"

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

"ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே. பொறுப்பானவங்க யாரையாவது கூப்பிடு."

"சார், நான்தான் இதைப் பார்க்கணும். கதவை மட்டும் தொடாதீங்க."

வெளிக்கதவைப் பூட்டிட்டு மொட்டை மாடி மோட்டார் ரூமுக்கு ஓடினேன். அஞ்சு மாடி. பாதியில இருக்கும்போதே கீழே அலறல், திரும்பி ஓடி வந்தேன். அவர் உள்கதவை நெம்பி, வெளிக்கதவுப் பூட்டையும் உள்ளேயிருந்து தட்டிவிட்டு, வெளியே குதிச்சிருக்கார். கால் மடங்கி விழுந்து கணுக்கால் முறிஞ்சுபோச்சு. அக்கா, கூண்டுக்கு அடியில வெறும் பள்ளம். அரை அடி பின்னால சரிஞ்சிருந்தா ஆளே இல்லை.

அதுக்குள்ள நிர்வாக ஆபீஸ்காரர் ஒருத்தர் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துல அடையாள அட்டை. லிஃப்ட்டைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. "என்ன சொல்லணும்?"னு என்கிட்டதான் கேட்டார். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். "எல்லாரும் உட்காருங்க, கதவைத் தொடாதீங்க, பத்து நிமிஷம்." மீதி மூணு பேரும் உடனே உட்கார்ந்துட்டாங்க. நான் மேலே போய் இறக்கினேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை.

அன்னைக்கு நான் போட்டிருந்தது எண்ணெய்க்கறை பிடிச்ச பனியன். யூனிஃபார்ம் கட்டிலுக்கு அடியில. பேரு தைச்ச யூனிஃபார்ம்.

என்னை நம்பாதது அவர் தப்பு. ஆனா முறிஞ்சது அவர் கால். உன் மேல இருந்த வீம்புலதான் அதைக் கழற்றிப் போட்டேன். உன்னைக் குத்தம் சொல்லலை. வீம்பு என்னுது. எங்க பார்த்தாலும் அந்த ஆள் கண்ணுதான் தெரியுது. அது கேவலமாப் பார்க்கிற கண்ணு இல்லைக்கா. பயந்துபோன கண்ணு. யாரை நம்புறதுன்னு தேடிச்சு, என்கிட்ட அதுக்கு ஒண்ணும் கிடைக்கலை.

நான் என்ன பண்ணட்டும்? சொல்லு.

தம்பி

*

ஜூன் 10

என் தம்பிக்கு,

கடிதம் வந்ததும் படித்தேன். அந்த மனிதரும் பிழைத்தார், நீயும் பிழைத்தாய் என்று நினைத்துக்கொள். பூட்டின கதவை அவர் உடைத்து வந்தார். உன் மேல் கம்பெனி ஏதாவது சொன்னால், நீ எச்சரித்ததை அந்த நர்ஸ் கேட்டிருக்கிறாள், அவளிடம் எழுதி வாங்கிக்கொள். முதல் வேலை அது.

பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டையைப் பார்த்துத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அது நல்ல விஷயம் என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை. ஆனால் அவசரத்தில் இருக்கிறவனுக்கு உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரம் கிடையாது. அவன் கண்ணுக்கு ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும்.

நீ கேட்டதால் சொல்கிறேன். இரண்டு செட்டில் ஒன்றைத் தினமும் உடுத்து, மற்றதை வேலை செய்கிற இடத்திலேயே பையில் வைத்திரு. மோட்டார் ரூமுக்குள் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள், கிரீஸில் குளி. ஆட்கள் முன்னால் வரும்போது மட்டும் பேர் தைத்த சட்டை மேலே இருக்கட்டும். கறை விழுந்தால் காயவிடாதே, பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு உடனே கசக்கு. சொன்னால் சிரிப்பாய், இஸ்திரி வேண்டாம். உதறிக் கொடியில் போட்டாலே போதும்.

இன்னொன்று. அந்த வாத்தியாரைப் போய்ப் பார். மன்னிப்புக் கேட்க இல்லை, பழி சொல்லவும் இல்லை. பார்க்காமல் இருந்தால் அந்தக் கண் உன்னை விடாது. எம்.டி.யிடம் சொல்லாமல் நான் எட்டு மாதம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எனக்கு லீவு நிறைய மிச்சம் இருக்கிறது. வரட்டுமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 24

அக்கா,

கம்பெனியில பிரச்சினை இல்லை. நர்ஸ் எழுதிக் கொடுத்துட்டாங்க.

போன சனிக்கிழமை வாத்தியாரைப் பார்க்கப் போனேன். குளிச்சு, தலை சீவி, நீல யூனிஃபார்ம் போட்டு. வார்டுல ஜன்னல் பக்கத்துக் கட்டில். காலைத் தூக்கிக் கட்டியிருந்தாங்க. மடியில பரீட்சைப் பேப்பர், திருத்திக்கிட்டிருந்தார். பாக்கெட் மேல இருந்த எழுத்தைப் பார்த்துட்டு, "அடடே, லிஃப்ட் கம்பெனியா? உட்காருங்க சார்"னார். சார்! அவருக்கு என்னை அடையாளமே தெரியலை.

காலைப் பத்தி விசாரிச்சேன். ஆறு வாரம் ஆகுமாம். அப்புறம் அவரே ஆரம்பிச்சார். "அன்னைக்கு ஒரு ஆள் வந்து கதவைத் தொடாதீங்கன்னு சொன்னாருங்க. பார்க்க ஒரு மாதிரி இருந்தார். எனக்கு லிஃப்ட்டுன்னாலே சின்ன வயசிலிருந்து பயம், மூச்சு முட்டும். அவர் சொன்னதைக் கேட்டிருக்கணும். உங்க கம்பெனி ஆளா அவர்? பார்த்தீங்கன்னா நான் வருத்தப்பட்டேன்னு சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பார்த்தா சொல்றேன் சார்."

எழுந்து வெளியே வந்துட்டேன். வார்டு வாசல் வரைக்கும் வந்தாச்சு. கால் ஓடலை. ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் மிரட்டலை, எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒருத்தர் சார்னு கூப்பிட்டுட்டார், அந்த அழுக்கு ஆள் நான்தான்னு சொல்ல நாக்கு எழும்பலை. அழுக்குன்னா எனக்கு வெட்கம் இல்லைன்னு உனக்கு எழுதினவன் நான். ஒரு நொடியில யாரோ மூணாவது மனுஷனைப் பத்திப் பேசுற மாதிரி என்னையே கை கழுவிட்டேன். யோசிச்செல்லாம் சொல்லலை அக்கா. வாய் தானா முந்திக்கிச்சு.

நீ "காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை"ன்னு எழுதினதை அப்போ நான் ஒழுங்காப் படிக்கலை.

திரும்பிப் போனேன். "சார், அந்த ஆள் நான்தான்"னேன். கண்ணாடியைக் கழற்றிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ ஏன்பா முதல்லயே சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு சார்."

"எனக்குல்ல வெட்கமா இருக்கணும்?"னார். பேப்பரை எல்லாம் ஒதுக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நகக்கண்ணுல கிரீஸ் இருந்துச்சு, அது எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் அதைப் பார்த்தார். விடலை. அப்புறம் லிஃப்ட் நின்னா உள்ளே மூச்சு முட்டாது, காத்து வர வழி இருக்குன்னு படம் போட்டுக் காட்டினேன். பரீட்சைப் பேப்பர் பின்னாலதான். ஏதோ ஒரு பையனோட பேப்பர், அவனுக்கு மார்க் குறையாம இருக்கணும்.

அக்கா, அவர்கிட்டத் திரும்பிப் போக எனக்கு இருபது அடிதான் இருந்துச்சு. அதுக்கே கால் ஓடலை. உனக்கு ஒரு நாள் பஸ் தூரம், நடுவுல ஆறு மாசம் வேற. அப்படியும் முதல்ல எழுதினது நீதான். அதை நான் நினைச்சே பார்க்கலை.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வெல்டர் அறையைக் காலி பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டார். அம்மாவுக்கு முழங்கால் தாங்கும்னா அவங்களையும் கூட்டிக்கிட்டு வா.

எது உடுத்திக்கிட்டு வந்தாலும் சரி, வா.

தம்பி